இடது கையில் தொப்பி

1

போன மாதத்தோடு நாங்கள் அமெரிக்கா வந்து பதினெட்டு வருடம் முடிந்தது. வருடா வருடம் அந்த நாளில் என் மனைவி கேசரி கிண்டுவாள். இந்த முறை கிண்டவில்லை. அவளுக்கு ஆஸ்பத்திரியில் டியூட்டி. எனக்கோ ஆபீசில் தலைக்கு மேல் வேலை. ஊர் முழுக்க வெஸ் டோரலின் நூறாவது பிறந்தநாள் கொண்டாட்டம்.

வெஸ் டோரல் யார் என்று கேட்பீர்கள். அந்தக் கால கௌபாய் படங்களின் கதாநாயகன். இடது கையால் துப்பாக்கி சுடுவார். அதனால் திருப்பூரில் அவருக்குப் 'பீச்சாங்கை' என்று பெயர். சின்ன வயதில் தமிழில் பேசும் டோரல் படங்களை ஒன்று விடாமல் பார்த்தவன் நான். நானும் பீச்சாங்கைக்காரன். சாப்பிடுவது மட்டும் சோத்தாங்கையில், அதுவும் அம்மா அடித்துப் பழக்கியது. ஊரே கும்பிடும் ஒருத்தர் இடது கையில் வேலை பார்க்கிறார் என்பது எனக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்று சோத்தாங்கைக்காரர்களுக்குப் புரியாது.

அவர் பிறந்த ஊரில்தான் இன்று குடியிருக்கிறேன். சோளக்காடு, நடுவில் ஒரு கடைத்தெரு, ஒரு மியூசியம். பக்கத்து டவுனில் மனைவிக்கு ஆஸ்பத்திரி வேலை. இங்கே வந்து சேர்ந்தது தற்செயல் இல்லை. மனைவிக்கு மூன்று மாநிலங்களில் நர்ஸ் வேலை கிடைத்தது. கடற்கரை ஊரை விட்டுவிட்டு இந்த ஊரைப் பிடிவாதமாகக் கேட்டவன் நான். காரணத்தை அவளிடம் வெகுநாள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வந்திருக்க மாட்டாள்.

காரணம் அன்பு என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு மனிதரை மூக்குடைக்க வேண்டும் என்று கறுவிக்கொண்டு வந்தேன். அவர் பெயர் பொன்னுசாமி. திருப்பூர் மண்ணரையில் பனியன் பிரிண்டிங் யூனிட் வைத்திருந்த என் பழைய முதலாளி.

2

முதலில் டோரலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இந்த ஊர் மியூசியத்தில் நான் நூறு தடவை கேட்ட கதை.

இங்கே ஒரு பண்ணையில் குதிரைக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தவர். சினிமாவுக்குப் போய்க் குதிரையிலிருந்து விழும் ஆளாகச் சேர்ந்தார். பெரிய நடிகர்கள் சுடுவார்கள், இவர் விழுவார். ஒருநாள் குதிரை இவர் மேலேயே விழுந்தது. வலது மணிக்கட்டு நொறுங்கிப் போனது. அந்த ஸ்டுடியோ முதலாளி கைக்கட்டு அவிழ்ப்பதற்குள் ஆளை வெளியே அனுப்பிவிட்டார். விழத் தெரியாமல் விழுந்தான், தப்பு அவன் மேல் என்று எல்லா ஸ்டுடியோவுக்கும் சொல்லியும் விட்டார்.

டோரல் ஊர் திரும்பி, ஒரு வருடம் இடது கையால் துப்பாக்கி உருவப் பழகினார். பிறகு ஒரு சின்னக் கம்பெனி படத்தில் வில்லனின் அடியாளாக வந்தார். கதாநாயகனை விட வேகமாகத் துப்பாக்கியை உருவினார். அடுத்த படத்தில் அவரே கதாநாயகன். எதிரியைச் சுட்டு வீழ்த்தியதும் இடது கையால் தொப்பியைக் கழற்றி, செத்தவன் பக்கம் ஒரு தடவை நீட்டுவார். மரியாதையா, நக்கலா என்று யாருக்கும் தெரியாது. அந்த ஒரு அசைவுக்காகத்தான் கொட்டகையில் ஜனம் எழுந்து நின்றது. கௌபாய் படங்கள் போரடித்துப் போன காலத்திலும் வயதான ஷெரீப்பாக நடித்து, சிகரெட் விளம்பரத்தில் நின்று, கடைசி வரை தொப்பியை நீட்டிக்கொண்டே இருந்தார். செத்த பிறகும் விடவில்லை. பனியனிலும் காபிக் கோப்பையிலும் இன்னும் நீட்டிக்கொண்டிருக்கிறார்.

எனக்குப் பிடித்த கட்டம் வேறு. பெரிய ஆளான பிறகு அந்தப் பழைய ஸ்டுடியோ முதலாளியே டோரலைத் தேடி வந்தார். டோரல் ஒப்புக்கொண்டார், ஒரே ஒரு நிபந்தனையோடு. படப்பிடிப்பு நடக்கும் ஒவ்வொரு காலையும் முதலாளி நேரில் வந்து, படக்குழு முன்னால், டோரலின் தொப்பியை எடுத்து அவர் கையில் தர வேண்டும். அவரும் தந்தார், படம் முடியும் வரை. மியூசியத்தில் இதைச் சொல்லும் பெண் இந்த இடத்தில் சிரிப்பாள். நானும் சிரிப்பேன். வயிறு குளிர்ந்துபோகும்.

டோரலின் மகள் எல்லாப் பொருள்களையும் மியூசியத்துக்குக் கொடுத்துவிட்டு, திறப்பு விழாவுக்கு மட்டும் வரவில்லை என்றும் அந்தப் பெண் சொல்வாள். அதை நான் காதில் போட்டுக்கொண்டதில்லை.

3

மண்ணரையில் பொன்னுசாமியிடம் நான் ஆர்டிஸ்ட். பனியனில் அச்சடிக்க வேண்டிய படத்தை நிறம் நிறமாகப் பிரித்து, ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு பிலிம் எடுத்துத் தருவது என் வேலை. ஒருநாள் டோரல் படம் வந்தது. இடது கையில் தொப்பியை நீட்டி நிற்கும் அதே நிலை. பன்னிரண்டு நாள் அந்த முகத்தோடு இருந்தேன். கன்னத்துச் சுருக்கம் ஒவ்வொன்றையும் புள்ளி புள்ளியாகப் பிரித்தேன். மாதிரி அச்சு வெளிநாட்டுக்குப் போய், சரி என்று கையெழுத்தாகி வந்தது.

மொத்த அச்சு தொடங்கும் நாளில் பொன்னுசாமி கற்பூரம் காட்டுவார். அதுவரை படத்தை அவர் சரியாகப் பார்த்ததில்லை. அன்றைக்குத்தான் பார்த்தார்.

"என்றா குமரேசு இது, பீச்சாங்கைல நீட்டறான்?"

"இவரு இடது கைக்காரருங்க. அதுதானுங்க இவருக்குப் பேரே."

"இருக்கட்டும். மொத சட்டை அடிக்கறப்ப பீச்சாங்கைய நீட்டுனா வெளங்குமா? பூண்டி ஊர்ல செல செதுக்கறவன் சாமிக்கு எந்தக் கைல அபயம் வெக்கறான்? சோத்தாங்கைலதான? பிலிம அப்புடியே திருப்பிப் போடு."

"அப்ரூவல் வாங்குன படமுங்க. மாத்தக்கூடாதுங்க."

"என்ற கம்பெனில எதை மாத்தறதுன்னு நீ சொல்றியா? வெள்ளக்காரனுக்கு எந்தக் கையா இருந்தா என்ன. எழுத்துத்தான் தனி ஸ்கிரீன்ல இருக்குதில்ல, திருப்புனா ஒருத்தனுக்கும் தெரியாது."

அவரே பிலிமைத் திருப்பி வைத்தார். தன் சோத்தாங்கையால் வைத்தார். அன்று தொடங்கி ஒன்பது நாள் மிஷின் ஓடியது.

கப்பலுக்குப் போகும் முன் வெளிநாட்டுக் கம்பெனி சார்பில் சோதனைக்கு வந்த அம்மாள் முதல் சட்டையை விரித்த உடனேயே நிறுத்திவிட்டார். கை மாறியதை அவர் பிறகுதான் பார்த்தார். முதலில் பார்த்தது படத்தில் டோரல் போட்டிருந்த சட்டையின் பொத்தான் பட்டையை. படம் திரும்பியதில் வலப்பக்கப் பொத்தான் இடப்பக்கம் போய், ஆம்பளைச் சட்டை பொம்பளைச் சட்டையாகிவிட்டது. பரம்பரையாகத் துணி வியாபாரம் பண்ணுகிற குடும்பம் என்று மீசை முறுக்கும் மனிதர், கையைப் பார்த்தாரே ஒழிய பொத்தானைப் பார்க்கவில்லை. இதை நினைத்து நான் பத்தொன்பது வருடமாகச் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

அன்றைக்குச் சிரிக்க முடியவில்லை. பொன்னுசாமி கையைக் கூப்பிக்கொண்டு, "எங்க ஆர்டிஸ்ட் தப்புப் பண்ணீட்டானுங்க மேடம். பிலிம மாத்தி வெச்சுட்டானுங்க," என்றார். நான் அவருக்கு ரெண்டடி பின்னால் நின்றிருந்தேன். முதலாளி பேசும்போது குறுக்கே பேசி எனக்குப் பழக்கமில்லை. வாயைத் திறந்து 'இல்லீங்க' என்ற ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்த அம்மாள் என் பெயரைக் கேட்டு, எழுத்துக்கூட்டி, ஒரு படிவத்தில் எழுதிக்கொண்டார்.

நிராகரித்த சட்டையெல்லாம் கழிவு பனியன் விற்கும் காதர்பேட்டைக்கு வந்தது. பிறகு நடந்தது எதிரிக்கும் நடக்கக்கூடாது. பஸ் கண்டக்டர், கொத்தனார், பீகாரிலிருந்து வந்த தையல் ஆள்கள், டீக்கடை மாஸ்டர் என்று திருப்பூரே சோத்தாங்கை டோரலைப் போட்டுக்கொண்டு நடந்தது. எந்தப் பக்கம் திரும்பினாலும் யாராவது ஒருவர் நெஞ்சில் என் தப்பு. இல்லை, அவர் தப்பு. ஆனால் என் பெயரில். "பீச்சாங்கைய சோத்தாங்கை ஆக்குனவருதான நீங்க" என்று கேட்டு மூன்று யூனிட்டில் வேலை இல்லை என்றார்கள். ரொம்ப மரியாதையாகச் சொன்னார்கள். எங்கள் பக்கம் கழுத்தைப் பிடித்துத் தள்ளினாலும் 'போய்ட்டு வாங்க' என்றுதான் தள்ளுவார்கள்.

அந்தச் சட்டையில் ஒன்று இன்னும் என் பெட்டியில் இருக்கிறது. ஞாபகார்த்தம் இல்லை. கோபம் ஆறிவிடக்கூடாது என்பதற்காக வைத்திருக்கிறேன்.

4

மனைவியின் விசாவில் ஒட்டிக்கொண்டு வந்தவனுக்கு இங்கே வேலை பார்க்க அனுமதி இல்லை. எத்தனை படிவங்கள். ஒவ்வொன்றிலும் 'சார்ந்திருப்பவர்' என்ற கட்டத்தில் டிக் அடித்தேன். குழந்தையை வளர்த்தேன், பனி தள்ளினேன், டோரல் மியூசியத்தில் உட்கார்ந்து இங்கிலீஷ் பழகினேன். வாயில் வந்ததெல்லாம் 'சார்'தான். தபால்காரப் பெண்ணையும் சார் என்றேன், அவள் நாயையும் சார் என்றேன்.

அனுமதி வந்த வாரமே டோரலின் உருவத்துக்கு உரிமை வைத்திருக்கும் இந்த ஊர் ஆபீசில் போய் நின்றேன். டோரலைப் பனியனிலோ கோப்பையிலோ அச்சடிக்க வேண்டும் என்றால், உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் மாதிரி இங்கேதான் வரவேண்டும். நேர்காணலில் ஆறு படங்களைக் காட்டி, இதில் திரும்பிய படம் எது என்றார்கள். கையை மறைத்து, கழுத்து வரை மட்டும் வெட்டி வைத்திருந்தார்கள். காலர் பொத்தானைப் பார்த்துத் தொட்டுக் காட்டினேன். மேனேஜர் லிண்டா அன்றே வேலை கொடுத்தாள். குமரேசன் என்பது அவர்கள் வாயில் நுழையாமல் குமார் ஆனேன். இன்றைக்கு டோரல் முகம் எந்தத் துணியில் ஏறினாலும் அனுமதித் தாளின் கீழே கே. குமார் என்ற கையெழுத்து இருக்க வேண்டும். என்றாவது ஒருநாள் மண்ணரையிலிருந்து ஒரு மாதிரி வரும் என்று காத்திருந்தேன்.

என் மகள் மதிக்குப் பதினாறு வயது. தமிழ் புரியும், பதில் இங்கிலீஷில் வரும். காலையில் எனக்குக் காபி போட்டுக் கொடுப்பது அவள்தான். ஒரு கையில் போன் இருக்கும், சும்மா இருக்கிற கையில் கோப்பையை நீட்டுவாள். பெரும்பாலும் இடது கை.

"சோத்தாங்கையில கொடு கண்ணு."

"நீயே லெஃப்டிதானேப்பா. என்ன லாஜிக் இது?" என்பாள் இங்கிலீஷில்.

லாஜிக் ஒன்றும் இல்லை. எனக்கே உடம்பு ஒரு நொடி கூசுகிறது. பொன்னுசாமி கதையை அவளிடம் ஒருநாள் முழுசாகச் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு, "ஒரு படத்தைத் திருப்பினார். அதுக்காகவா இந்த ஊர்ல இருக்கோம்?" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. பெற்ற பிள்ளைக்கே புரியவில்லை என்றால் யாரிடம் போய்ச் சொல்வது.

5

நூற்றாண்டுச் சட்டைக்கான மாதிரி இந்த வருடம் வந்தது. உறையின் மேல் மண்ணரை முகவரி. யூனிட் பெயர் மாறவில்லை.

அவசரமாகப் பிரித்தேன். அச்சு பிரமாதமாக இருந்தது. கை சரி, பொத்தான் சரி, கன்னத்துச் சுருக்கம் ஒன்று கூடத் தப்பவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. ஒரு குறை, ஒரே ஒரு குறை இருந்திருக்கக் கூடாதா.

மறுநாள் லிண்டா பழைய கோப்பு ஒன்றைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். அந்த யூனிட்டின் பழைய நிராகரிப்புப் படிவம், அன்று சோதனைக்கு வந்த அம்மாள் எழுதியது. காரணம்: ஆர்டிஸ்ட் தவறு. பக்கத்தில் என் முழுப் பெயர், எழுத்துப் பிசகாமல்.

"இது நீயா?" என்றாள்.

"நான்தான். ஆனால் தப்பு என்னுடையதில்லை."

லிண்டா நல்லவள், ஆனால் சட்டப் புத்தகம். "கோப்பில் இருப்பதுதான் எனக்கு உண்மை, குமார். அந்த யூனிட் தலைவர் கையெழுத்தோடு வேறு காரணம் வந்தால் மாற்றலாம். வராவிட்டால் நூற்றாண்டுச் சட்டையில் நீ கையெழுத்துப் போட முடியாது. இனி டோரல் படம் எதிலும் முடியாது."

பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் அந்த மனிதர் சொன்ன ஒரு பொய், கடல் தாண்டி வந்து என் நாற்காலியைப் பிடித்து இழுத்தது. அதேசமயம் இன்னொன்றும் தெரிந்தது. முதலாளி கையால் டோரலுக்குக் கிடைத்த தொப்பி எனக்கும் கிடைத்துவிட்டது.

மெயில் அனுப்பினேன். மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் யூனிட்டின் பழைய நிராகரிப்புக்கான உண்மைக் காரணத்தைத் தயவுசெய்து தெரிவிக்கவும். கே. குமார். பதில் எழுதியது பொன்னுசாமியின் மருமகள் திவ்யா; இப்போது யூனிட்டை அவள்தான் பார்க்கிறாள். 'ஆர்டிஸ்ட் தவறு. அவர் இப்போது எங்களிடம் இல்லை.' திருப்பி அனுப்பினேன். அடுத்து, 'தகவல் தொடர்பில் இடைவெளி' என்று வந்தது. மிக்க நன்றி சொல்லித் திருப்பினேன். மூன்றாவது, 'மனிதத் தவறு'. 'எந்த மனிதர் என்று அன்புகூர்ந்து குறிப்பிட முடியுமா?' என்று கேட்டேன். எங்கள் ஊரில் கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும். லிண்டா என் மெயில்களைப் படித்துவிட்டு, இவ்வளவு பணிவாக எழுதும் ஆளை நான் பார்த்ததில்லை என்றாள்.

கடைசியில் திவ்யா, மாமனாருடன் வீடியோவில் பேசிவிடுங்கள் சார், அவருக்குத்தான் பழைய விஷயம் தெரியும் என்றாள். மாதிரிச் சட்டையை ஒரு தடவை கேமராவில் காட்டவும் வேண்டும், அது விதி. அவர்களுக்கு மாலை, எனக்குக் காலை ஏழு மணி. வீட்டிலிருந்தே பேசினேன்.

முந்தின நாள் முழுக்க யோசித்து ஒன்றை முடிவு செய்து வைத்திருந்தேன். பீச்சாங்கையில் கொடுத்தால் விளங்காது என்றவர், தன் ஆபீசில், தன் ஆட்கள் முன்னால், டோரல் மாதிரியே பீச்சாங்கையில் அந்தச் சட்டையை என் பக்கம் நீட்ட வேண்டும்.

6

திரையில் ஆபீஸ் தெரிந்தது. சுவரில் பழனி முருகன், மல்லிகை மாலை. மேசைக்குப் பின்னால் பொன்னுசாமி. மீசை வெளுத்திருந்தது. திவ்யா பக்கத்தில் நின்றாள், கதவோரம் ரெண்டு சூப்பர்வைசர்கள். நான் என் கேமராவைப் போடவில்லை. இங்கிலீஷிலேயே பேசினேன். திவ்யா தமிழில் சொன்னாள்.

"சட்டையை இடது கையில் பிடித்து நீட்டச் சொல்லுங்கள்," என்றேன். படத்தோடு நிலையை ஒப்பிட வேண்டும் என்று ஒரு புளுகும் சேர்த்தேன்.

கோபப்படுவார் என்று காத்திருந்தேன். ஏன் என்று கேட்பார், மழுப்புவார், முருகனைத் திரும்பிப் பார்ப்பார். ஒன்றும் இல்லை. சாதாரணமாக இடது கையில் சட்டையை எடுத்து நீட்டினார்.

"இந்தக் கை போதுங்களா, சாருகிட்டக் கேளு. அந்தக் கை நமக்கு ஆகாதில்ல," என்றார் திவ்யாவிடம்.

அவர் வலது கை மேசை மேல் கிடந்தது. விரல்கள் மடங்கி, அசையாமல். பக்கவாதம் வந்து ரெண்டு வருடம் ஆச்சுங்க சார், சாப்பாடு, கும்பிடு எல்லாமே இடது கையில்தான் என்றாள் திவ்யா.

என்னை ஏமாற்றிவிட்டார்கள் என்றுதான் முதலில் தோன்றியது. யார் என்று தெரியாது, கடவுளோ யாரோ. நான் பத்தொன்பது வருடம் பொத்திப் பொத்தி வைத்திருந்த அடியை வேறு யாரோ முன்பே அடித்துவிட்டுப் போயிருந்தார்கள். பாவம் என்று நினைத்தேன் என்று எழுத ஆசைதான். நினைக்கவில்லை. கேமராவைப் போட்டேன்.

"மொதலாளிங்க, நல்லா இருக்கீங்களா?" என்றேன்.

அவர் திரைக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுவந்தார்.

"குமரேசு? நீயா சாமி?"

"நானேதானுங்க. மூணு தடவ பதிலத் திருப்பி அனுப்புனதும் நாந்தானுங்க. பிலிம யாரு திருப்புனாங்கன்னு நீங்க எழுதிக் குடுக்கோணுங்க."

அவர் திரையை விட்டு நகர்ந்து உட்கார்ந்தார். கதவோரம் நின்றவர்களைப் பார்த்தார், பிறகு மருமகளைப் பார்த்தார்.

"நாந்தான் திருப்புனேன். இவன் வேண்டான்னு சொன்னான்," என்றார், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. பிறகு என்னிடம், "திவ்யா டைப் அடிக்கட்டும் கண்ணு. நான் கையெழுத்துப் போட்டுடறேன்."

லிண்டா கேட்டதும் அவ்வளவுதான். கீழே ஒரு கையெழுத்து. டைப் அடித்தது போதும்.

"இல்லீங்க. நீங்களே உங்க கைல எழுதுங்க," என்றேன்.

திவ்யா ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் வைத்தாள். அவர் இடது கையில் பேனாவைப் பிடித்து முதல் எழுத்தைத் தொடங்கினார். தாள் நழுவியது. மறுபடி வைத்தார், மறுபடி நழுவியது. திவ்யா தாளைப் பிடிக்கக் குனிந்தாள்.

"நீங்க விடுங்கம்மா. அவரே எழுதட்டும்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். இடது கையால் தன் வலது கையைத் தூக்கினார். ஒரு கல்லைத் தூக்கி வைப்பது போலத் தாள் மேல் வைத்தார். பிறகு பேனாவை எடுத்து எழுதினார். மதி என் பின்னால் வந்து நின்றது காபி வாசனையில் தெரிந்தது.

"அவருக்கு முடியலைப்பா," என்றாள் மெதுவாக, தமிழில். "போதும்னு சொல்லு."

நான் சொல்லவில்லை. ரெண்டே வரிகள். கால் மணி நேரம் ஆனது. ஒரு கொம்பு, ஒரு சுழி விடாமல் முழுவதையும் பார்த்தேன். அவர் தாளை உயர்த்திக் காட்டினார். 'படத்தைத் திருப்பிப் போட்டது நான். குமரேசன் மேல் தப்பு இல்லை.' கோணல் எழுத்து, ஆனால் எல்லாம் நேராகப் படிக்க முடிந்தது.

"சரிங்களா சாமி?"

"சரிங்க. ரொம்ப நன்றிங்க மொதலாளி."

அழைப்பைத் துண்டித்தேன். அந்தத் தாள் இப்போது கோப்பில் இருக்கிறது. என் பெயர் சுத்தமாகிவிட்டது. நூற்றாண்டுச் சட்டையில் கே. குமார் என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன், இடது கையால். எழுத வைத்தது சரிதானா என்று யார் கேட்டாலும் சரிதான் என்பேன்.

அன்று காலை அழைப்பு முடிந்ததும் காபிக்காகக் கையை நீட்டியபடி திரும்பினேன். மதி எந்தக் கையிலும் கொடுக்கவில்லை. கோப்பையை மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.